இடியன் துவக்குக்கு ஒரு புத்தகம்

நாலாவது புத்தகத்தையும் இவர் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

டவுன்டவுனில் ஒரு பழைய புத்தகக் கடை. குழல் வாயால் வெடிமருந்தை இடித்துச் சுடும் நீளக் குழல் இடியன் துவக்கைக் கையால் செய்வது எப்படி என்று சொல்லும் புத்தகங்கள் அங்கே ஐந்து இருந்தன. கடைக்காரி அக்னெஸ் ஐந்தையும் மேசையில் பரப்பிவிட்டு, ஆளை விட்டால் போதும் என்று போய்விட்டாள்.

இவர் என்று நான் சொல்வது என் கணவர் கணேசலிங்கத்தை. இருபத்தெட்டு வருடம் ரெஸ்டோரண்ட் குசினியில் வெங்காயம் வெட்டியவர். துவக்கைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?

துவக்குச் செய்பவர் எங்கள் மருமகன் லூக். இல்-பிசார் தீவில், தன் வீட்டு பேஸ்மென்டில், முதல் துவக்கைச் செய்யத் தொடங்கியிருக்கிறார். எங்கள் வீட்டுப் படி ஏறி இரண்டு வருடமாகிறது. பந்தியில் இவர் செய்த காரியத்தால் பாதியில் எழுந்து போனவர்.

ஞாயிற்றுக்கிழமை லூக்கின் பிறந்தநாள். மகள் றொஷினி எங்களைக் கூப்பிட்டதே பெரிய விஷயம். இந்தத் தடவையும் ஏதும் பிழை நடந்தால் இனிக் கூப்பிட மாட்டாள்.

எனக்குப் பிடித்தது வண்ணப் படங்கள் நிறைந்த தடித்த புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் வெள்ளிப் பூவேலை செய்த துவக்குகள். இவர் முகத்தைச் சுளித்தார்.

“செய்து முடிச்சதைக் காட்டுறான். செய்யிறதைக் காட்டேல்லை.”

ஒரு மாதமாகக் காலையில் நூலகத்துக்குப் போய்வந்தாரே, பேப்பர் பார்க்கத்தான் போகிறார் என்று நினைத்திருந்தேன். குழலை மரத்தில் எப்படிப் பதிப்பது, தீக்கல் எங்கே அடிக்கும், மருந்து எப்படிப் பற்றும் என்று ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு புத்தகம் உளி பிடிக்கவே சொல்லித் தரவில்லையாம். இன்னொன்று ஏற்கெனவே பத்துத் துவக்குச் செய்தவனுக்கு எழுதியதாம். பெண் பார்க்க வந்தபோது மனிதர் என்னைக்கூட இப்படி ஆராயவில்லை.

மிச்சம் இருந்தது மெல்லிய புத்தகம். மட்டை கிழிந்து, கறுப்பு வெள்ளையில் கையால் கீறிய படங்களோடு இருந்தது. இதைப் போய்ப் பிறந்தநாளுக்குக் கொடுப்பதா என்று கேட்டேன்.

இவர் அதை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்று, வரிகளில் விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தார். பிறகு அதை என் பக்கம் திருப்பினார்.

மருந்தைப் பற்றவைக்கும் விசை மற்ற நாலு புத்தகங்களிலும் துவக்கின் வலப்பக்கம் இருந்தது. இதில் மட்டும்தான் இடப்பக்கத்தில் வைக்கிற விதமும் கீறிக் காட்டியிருந்தது.

“பிள்ளை இடக்கைக்காரன். வலப்பக்கம் வைச்சால் நெருப்பு அவன்ரை முகத்துக்குக் கிட்டவெல்லோ பறக்கும்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதரை நினைக்கப் பெருமையாகவும் இருந்தது.

எங்களைப் போலவே கையால் சாப்பிட ஆசைப்பட்டு லூக் சோற்றில் வைத்த இடக்கையை, நாற்பது பேருக்கு முன்னால் தட்டிவிட்டவர் இவர்தான்.