ஆறு முறையும் தவறான கோப்பை

போலீஸ் காவலோடு தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு வந்திருந்த டாக்டர் தனபாலன், குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஆராய்கிறவர். காவலுக்கு வந்த போலீஸ்காரர் பக்கத்தில் நிற்க, மூன்று கோப்பைகளைக் கவிழ்த்து, அஞ்சலையின் கண்முன்னே ஒன்றுக்கடியில் பிஸ்கட்டை வைத்தார்.

“பிஸ்கட் எங்கம்மா?”

நான்கு வயது அஞ்சலை ஆறாவது முறையும் வேறு கோப்பையையே காட்டினாள்.

‘ஞாபகசக்தி போதாது’ என்று எழுதினார். அவர் கணிப்பு இதுவரை தப்பியதே இல்லை.

“ஐயா, போலீஸ்காரரக் கொஞ்சம் வெளியே நிக்கச் சொல்லுங்களேன்,” என்றாள் தாய் இருசம்மாள்.

போலீஸ்காரர் வெளியே போனதும் அஞ்சலை சரியான கோப்பையைத் தூக்கி, பிஸ்கட்டை வாயில் போட்டாள்.

“வேலைக்குச் சோறு கொண்டு போனா துப்பாக்கியோட ஒளிஞ்சிருக்கிற காட்டுக்காரங்களுக்குப் போயிடுமாம், தோட்டத்து கேட்டுல தினமும் போலீஸ் சோதனைங்கய்யா. ‘அம்மா சோத்த எங்க ஒளிச்சிருக்கு’ன்னு இவளத்தான் கேப்பாங்க. வேற எடத்தக் காட்டச் சொல்லி நாந்தான் பழக்கி வச்சேன்.”

டாக்டர் எழுதியதை அடித்தார்.

போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, “பிஸ்கட்டக் கண்டுபிடிச்சிட்டாளா?” என்றார்.

அஞ்சலை மென்று விழுங்கிவிட்டுக் கேட்டாள்: “என்ன பிஸ்கட்?”