ட்ரெபிள்

"உம், போடுய்யா, பாக்கலாம்," என்றார் வரதன், பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவில் போட்டுக்கொண்டு.

கன்னியப்பன் செல்போனைக் கையில் எடுத்தான்.

பக்கத்து ஊர் பெருநகரில் கோயில் உற்சவத்துக்குப் பதினோரு வருசமாக அவன் சவுண்ட் செட்டுதான். இந்த வருசம் செங்கல்பட்டுப் பார்ட்டி ஒன்று புதுப்புது ஸ்பீக்கரைக் காட்டிக் கமிட்டியை மயக்கி வைத்திருக்கிறது. கமிட்டியில் வரதன் சொன்னால் சொன்னதுதான். மனுசன் நாதஸ்வரப் பைத்தியம். என் காதால் கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று உத்திரமேரூரில் இருக்கிற அவன் கடைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

போன வருசக் கூத்து அப்படி. சாமி புறப்படுகிற நேரம் பார்த்து லேப்டாப் அப்டேட் ஆகிறேன் என்று அணைந்துபோனது. மறுபடி உயிர் வந்ததும் நாலு ஹாரன் ஸ்பீக்கரிலும் சேர்ந்தாற்போல் ஒரு "டொய்ங்". வீதியே சிரித்தது.

அன்றைக்கே அந்த சிஸ்டத்தைத் தலைமுழுகினான். மூணு மாசம் வீடியோ வீடியோவாகப் பார்த்து, பழைய லேப்டாப்பில் பாட்டுக்கென்றே செய்த குட்டி லினக்ஸ் சிஸ்டம் ஒன்றைப் போட்டான். மொத்தமும் ஒரு பென்டிரைவுக்குள் அடங்கிவிடும். அப்டேட் கிடையாது, படம் கிடையாது, பாட்டைத் தவிர அதற்கு ஒரு மண்ணும் தெரியாது. செல்போனிலிருந்து சொன்னால் சுத்தமாகப் பாடும்.

அதோடு விட்டானா? சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் பெட்டியையும் கழற்றி மூலையில் போட்டான். பாட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு திருகு கூட இருக்கக் கூடாது என்று பொண்டாட்டி சசிரேகாவிடம் கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். அவள் முகம் ஏனோ சுண்டிப்போனது. பழகின பெட்டி, அதான் வருத்தம் என்று நினைத்துக்கொண்டான்.

போனில் பாட்டைத் தொட்டான். போன தையில் ஒரு கல்யாணத்தில் அவனே ரெக்கார்ட் பண்ணின கச்சேரி.

நாதஸ்வரம் எதிரில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி எழுந்தது. தவில் நெஞ்சில் இடித்தது. ஆனால் ஜால்ராவைக் காணோம். தாளக்காரருக்கென்று தனி மைக் வைத்தவனே அவன்தான், அந்தச் சத்தம் எங்கே போய்த் தொலையும்?

நேற்றும் இதே கதைதான். வயரை மாற்றினான், சிஸ்டத்திலிருந்து இன்னும் நாலு வேண்டாததைக் கழித்தான், ராத்திரிச் சோற்றைக்கூட மறந்தான். ஒன்றும் நடக்கவில்லை.

வேறு வழியில்லாமல் போனிலேயே, கீச்சுச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிற ட்ரெபிளை ரெண்டு புள்ளி ஏற்றினான். இன்னும் ரெண்டு. ம்ஹூம். இன்னும் மூணு.

வரதன் கண்ணை இறுக்கி மூடினார். ரசிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தான். அடுத்த நொடி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"இன்னாய்யா கன்னியப்பா, காதுல ஊசி எறக்கறாமாரி கீது!"

போச்சு. ஊசியா? அவன் காதுக்குக் கம்பளி போர்த்தின மாதிரி மந்தமாக அல்லவா கேட்கிறது! பதினோரு வருச வேலை கண்ணெதிரே கை நழுவிப் போகிறது, எந்தப் பக்கம் திருப்புவதென்றே தெரியவில்லை. இன்னும் ஒண்ணு ஏற்றிப் பார்க்கலாமா என்று விரல் போனது.

உள்ளே வயர் சுற்றிக்கொண்டிருந்த சசிரேகா ஓடிவந்து போனைப் பிடுங்கினாள்.

அவள் தேடவில்லை, தடவவில்லை. ட்ரெபிளை ஒரே இழுப்பில் கீழே இறக்கி, துளி மேலே தள்ளி, நிறுத்தினாள். குழம்புக்கு உப்புப் போடுகிற கை போலப் பழகின கை.

வரதன் காதிலிருந்து கையை எடுத்தார்.

கன்னியப்பன் அவளையே பார்த்தான். மூணு வருசமாக எந்த ஊர் வேலையானாலும், பாட்டு ஆரம்பித்ததுமே அவனைச் சாப்பிட அனுப்பிவிட்டு மிக்ஸர் பக்கத்தில் போய் உட்காருவாளே. திரும்பி வந்தால் சவுண்ட் பிரமாதம் என்று ஜனங்கள் சொல்வார்கள். அவனும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான்.

அவள் என்னவோ சொன்னாள். உதடு அசைந்தது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. தோளைப் பிடித்து இழுத்துக் காதோடு மறுபடி சொன்னாள்.

"நீ ஏத்தறத நான்தான் கொறச்சிக்கினு இருந்தேன். உன் மனசு நோவுமேன்னு சொல்லல."

அவள்மேல் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இருபத்தைந்து வருசம் திருவிழாத் திருவிழாவாக ஹாரன் வாயடியிலேயே நின்றவன், அங்கேயே படுத்துத் தூங்கினவன் காது பின்னே எப்படி இருக்கும்?

"அடடடா!" வரதன் தொடையில் தட்ட ஆரம்பித்துவிட்டார். "இந்த வருசமும் உன் செட்டுதான்யா, போ. நாயனத்த உடு, அந்த ஜால்ரா கீதே... ஒண்ணொண்ணும் இன்னா தெளிவு! கேக்குதா?"

நாதஸ்வரம் கேட்டது. தவில் கேட்டது.

"கேட்டுக்கினுதாண்ணா கீறேன்," என்றான் கன்னியப்பன். வரதனின் கையையே பார்த்துக்கொண்டு, அது தொடையில் விழும்போதெல்லாம் தலையை ஆட்டினான்.