ராய்ஸ் ஹாலனின் கையெழுத்து

“அந்த ஆளோட கையெழுத்துக்கா நீ வரிசையில நிக்கிறே?”

ரீமா போட்ட சத்தத்தில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அம்மா நுஹா மட்டும் திரும்பவில்லை. ராய்ஸ் ஹாலனின் சிரித்த முகம் போட்ட புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் நகர்ந்தாள்.

“கத்தாதேடி. எல்லாரும் பார்க்கிறாங்க.”

“பார்க்கட்டுமே! பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணி, ‘உங்கம்மாவுக்குப் புத்தி பிசகிடுச்சா’ன்னு கேட்கிறா. நான் என்ன பதில் சொல்லட்டும்?”

நுஹா வரிசையோடு இன்னும் ஓர் அடி நகர்ந்தாள்.

அமெரிக்காவில் இந்த டொலீடோ ஊரில் ராய்ஸ் ஹாலனைத் தெரியாதவர்கள் கிடையாது. வருஷக்கணக்காக டிவியில் வினாடி வினா நடத்தியவன். ரீமாவின் அப்பா இலியாஸ் லெபனானிலிருந்து வந்த புதிதில் இங்கிலீஷ் கற்றுக்கொண்டதே அவன் நிகழ்ச்சியைப் பார்த்துத்தான். வாய்க்கு வாய் “நம்ம ராய்ஸ், நம்ம ராய்ஸ்” என்பார். ராய்ஸ் விடை சொல்வதற்குள் தான் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்குத் தன் ரொட்டிக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு ரொட்டி இலவசம்.

டிவியில் மார்க்கெட் போனதும் ராய்ஸ் மேடை ஏறினான். வந்தேறிகளை விரட்டுவோம் என்று ஓட்டுக் கேட்கிற கட்சியின் மேடை.

“வீட்டுக்குள்ள எலி புகுந்தா சோறு போட்டு வளர்ப்போமா? புகை போட்டு விரட்ட மாட்டோமா?” என்று கேட்டான். அதே சிரிப்பு. அதே குரல். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அந்த வாரமே, ஒரு விடியற்காலையில் இலியாஸ் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது ரொட்டிக் கடைக்கு ஒருவன் தீ வைத்தான். கடையில் சுவர்களாவது மிஞ்சின. இலியாஸ் மிஞ்சவில்லை.

“அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகலம்மா” என்றாள் ரீமா. “உனக்கு வெட்கமா இல்லே?”

“வெட்கம் பார்த்தா வேலை நடக்குமா?”

பின்னால் நின்ற குண்டுப் பெண்மணி குறுக்கே வந்தாள். “யாரு, உங்க பொண்ணா? எதுக்கு இந்தக் குதி குதிக்கிறா?”

“அவ கொஞ்சம் கோபக்காரி.”

“ராய்ஸைத் தப்பாப் பேசாதம்மா. தினம் சாயங்காலம் நம்ம வீட்டுக் கூடத்துல வந்து பேசின மனுஷன். அவரே ஒண்ணு சொல்றாருன்னா அது சரியாத்தான் இருக்கும்!”

ரீமா வாயைத் திறந்தாள். நுஹா அவள் கையை அழுத்திப் பிடித்தாள்.

வரிசை நகர்ந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் ராய்ஸ். டிவியில் பார்த்ததைவிடக் கிழடு தட்டியிருந்தான். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

“வாங்கம்மா! என் நிகழ்ச்சியெல்லாம் பார்த்திருக்கீங்களா?”

“ஒரு நாள் விட்டதில்லை சார். என் வீட்டுக்காரர் உங்களைப் பார்த்துத்தான் இங்கிலீஷே கத்துக்கிட்டார்.”

“அப்படியா!” ராய்ஸுக்கு முகமெல்லாம் பல். “ரொம்ப சந்தோஷம்.”

ரீமாவுக்கு உடம்பு கூசியது. இவள் அம்மாதானா? சீச்சீ! இனிமேல் இவளோடு பேச்சே கிடையாது என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்பினாள்.

“யார் பேருக்குப் போடட்டும்?”

“ட்ரெவர்னு போடுங்க சார்.”

ரீமாவின் கால்கள் நின்றுவிட்டன. கோர்ட்டில் கேட்ட பெயர்.

“பேரனா?”

“இல்ல சார். என் வீட்டுக்காரரைக் கொளுத்தினவன்.”

ராய்ஸின் பேனா அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் இருந்த காவல்காரன் ஓர் அடி முன்னால் வந்தான்.

நுஹா கடையில் ரொட்டிக்கு விலை சொல்கிற மாதிரி நிதானமாகப் பேசினாள். “ஆயுள் தண்டனை சார். அவன் மூஞ்சியில காறித் துப்பணும்னுதான் மொதத் தடவை ஜெயிலுக்குப் போனேன். நடுவுல கண்ணாடி. அந்தப் பக்கம் உட்கார்ந்துக்கிட்டு, ‘நான் செஞ்சது ராய்ஸுக்குத் தெரியுமா? என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?’ன்னு என்கிட்ட கேட்கிறான். பெத்தவ கூட அவனைப் பார்க்கப் போறதில்லை. நான் இன்னமும் போய்க்கிட்டிருக்கேன். போறப்பல்லாம் அதையேதான் கேட்கிறான். நீங்க வந்து வெளியே எடுத்துடுவீங்கன்னு நம்பிக்கிட்டிருக்கான்.”

ராய்ஸ் சுற்றுமுற்றும் பார்த்தான். சிரிப்பைக் காணோம். மேஜை மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

“இதோ பாருங்கம்மா, அது மேடைக்காகப் பேசினது. எழுதிக் கொடுத்தாங்க, படிச்சேன். கைதட்டல் வாங்கறதுக்கு நாலு வார்த்தை. உங்க ஆளுங்க மேல எனக்கு என்ன பகை? எவனோ ஒரு கிறுக்கன் செஞ்சதுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? அவன் யாருன்னே எனக்குத் தெரியாது!”

நுஹா புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

“அதையேதான் சார் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றேன். ‘ட்ரெவர், நீ யாருன்னே எனக்குத் தெரியாது’ன்னு. நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன், பாவி நம்ப மாட்டேங்கிறான்.”