சீனாவுக்கு ஒரு சாட்சி

பீகிங் நகரத்தைச் சுத்தியலால் அடித்துத் தரைமட்டமாக்கிக்கொண்டிருந்தார் லுபர்ட். அரண்மனை, கோட்டை, அதற்குப் பின்னால் நின்ற பனிமலை, எதற்கும் அவர் இரக்கம் காட்டவில்லை.

"ஏங்க, மெதுவா! போன வாரம் பூரா முதுகு ஒடிய நீங்களே செதுக்கினதுதானே?" என்றாள் மனைவி பிரெக்தா.

"தப்பாச் செதுக்கிட்டேன்டி. பனியே இல்லாத ஊருக்குப் பனிமலை போட்டிருக்கேன். தம்பி, நீயே சொல்லு, இவளும் கேக்கட்டும்."

அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்த குவீ போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டான். "எங்க ஊர்ல பனியே கெடையாதுங்கக்கா. ஆம்ஸ்டர்டாமுக்கு வந்துதான் மொதமொதல்ல பாத்தேன். பாத்ததே போதும்னு ஆயிடுச்சு."

லுபர்ட் படம் அச்சடிக்கும் செப்புத் தகட்டைத் திருப்பினார். முன்பக்கம் சுரண்டியிருந்த பள்ளம் மேலெழும்பும்படி பின்பக்கம் இன்னும் நாலு தட்டுத் தட்டினார். மலை போன இடம் தெரியவில்லை.

உலகத்தையே வரைந்து விற்கும் லுபர்ட், பக்கத்து ஊரான ஹார்லெமைத் தாண்டிக் காலெடுத்து வைத்ததில்லை. சீனாவிலிருந்து பாதிரிமார் அனுப்பிய படங்களையும் மாலுமிகள் அளந்த கதைகளையும் வைத்துத்தான் சீனாவை வரைந்திருந்தார். அங்கேதான் வந்தது வினை.

புத்தகக்காரர் கில்லிஸ் கறாராகச் சொல்லிவிட்டார். புதிய உலகப்பட நூலில் இந்தப் படம் ஏற வேண்டுமானால், சீனாவைத் தெரிந்த ஒரு ஆள் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இல்லையென்றால் கால்வாயின் எதிர்க்கரையில் படக்கடை வைத்திருக்கும் ரைண்டரின் படம் ஏறிவிடும். லுபர்ட் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

தூக்கமில்லாமல் அலைந்தவர் கண்ணில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் சமையல்காரனாக வந்திறங்கிய குவீ பட்டான். "நீ சீனாக்காரனா தம்பி?" என்று கேட்டார். "ஆமாங்க ஐயா" என்றான். லுபர்ட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. கையோடு வீட்டுக்கு இழுத்து வந்து, பட்டாணிக் கஞ்சி ஊற்றி, அடுப்பங்கரையில் உட்கார வைத்துவிட்டார்.

"நம்ம பாஷைய எவ்வளவு சரளமாப் பேசுறான் பாத்தியாடி?" என்று பிரெக்தாவிடம் வேறு பெருமை. "சரி தம்பி, இந்த ஆறு இவ்வளவு அகலம் இருக்குமா?"

"எங்க ஊர் ஆறு சின்னதுங்க. இந்தக் கரையில நின்னுக்கிட்டு அந்தக் கரைக்காரன்கிட்ட நெருப்பு கேக்கலாம்."

அன்று சாயங்காலத்துக்குள் யாங்ட்சி ஆறு வாய்க்காலாகிவிட்டது.

"தெருவெல்லாம் எப்படி?"

"தெருவுக்குத் தெரு கால்வாய்ங்க. ரெண்டு பக்கமும் மரம். அப்படியே இந்த ஊர் மாதிரியே இருக்கும்."

லுபர்ட்டுக்குப் புல்லரித்துவிட்டது. "கேட்டியாடி! உலகத்தோட அந்தக் கோடியில இருந்துக்கிட்டு, நம்மளப் பாக்காமலேயே நம்ம மாதிரி கட்டியிருக்கான். புத்தின்னா அது புத்தி!"

"நம்ம ஆளுங்க யாராவது போய்க் கட்டிக் குடுத்தாங்களோ என்னவோ" என்றாள் பிரெக்தா.

"எதையாவது மட்டம் தட்டலேன்னா உனக்குப் பொழுது போகாதே" என்றபடி அவர் உளியை எடுத்து, பீகிங்குக்குள் கால்வாய் வெட்ட ஆரம்பித்தார்.

படம் அச்சாகி மை காய்வதற்குள் கில்லிஸ் வந்துவிட்டார். தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார்.

"என்னய்யா லுபர்ட், ஆறு இவ்வளவுதானா? ரைண்டர் கடல் மாதிரி வரைஞ்சு வச்சிருக்கான்."

"அவன் யாரைக் கேட்டான்? நான் சீனாக்காரனையே கேட்டேன்."

கில்லிஸ் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினார். "என்னப்பா, படம் எப்படி இருக்கு?"

"ரொம்ப அழகா இருக்குங்க" என்றான் குவீ மனதார. "ஐயா கையில என்னமோ இருக்கு."

கில்லிஸ் முகம் மலர்ந்துவிட்டது. "எடுத்துக்கிட்டேன்யா! மூலையில மட்டும் 'சீனர் ஒருவர் பார்த்து ஒப்பியது'ன்னு ஒரு வரி சேத்துடு. இந்த மொதப் பிரதி எனக்கு. கம்பெனித் தூதர்கள் இன்னைக்குக் கப்பல் ஏறுறாங்க. சீனச் சக்கரவர்த்திக்கு நம்ம காணிக்கையா இதையே அனுப்பிடுறேன். தன் நாட்டை இவ்வளவு சரியா யாரும் வரைஞ்சதில்லன்னு அவரே அசந்து போகட்டும்!" படத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினார்.

லுபர்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இரண்டாவது பிரதியைக் குவீயின் கையில் கொடுத்தார். "இந்தா தம்பி, உன் பங்கு. நீ இல்லேன்னா நான் இல்ல."

குவீ அதை முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டான். விரலால் கரையோரமாகத் தடவிக்கொண்டே போனான். கண் கலங்கிவிட்டது. துறைமுகத்தில் கப்பல் கிளம்பும் பீரங்கிச் சத்தம் கேட்டது.

"ஊர் ஞாபகம் வந்துடுச்சா தம்பி?" என்று தோளில் கை வைத்தார் லுபர்ட்.

"இல்லீங்க ஐயா. நான் பொறந்து வளந்ததெல்லாம் ஜாவாவுல, உங்க ஆளுங்க கட்டின ஊர்ல. சீனா இப்படித்தான் இருக்குமாங்க?"