முயலுக்கு ஒரு துப்பாக்கி

"இருக்கிறதிலேயே இதுதான் விலை குறைச்சல். முயலுக்கு இது போதுமாம்," என்று ஏர் ரைஃபிளைத் தூக்கிக் காட்டினார் வாசுதேவன்.

"ரொம்பக் கனமா இருக்கே," என்றாள் மனைவி பார்கவி.

இலேசானதை எடுத்தால் குறி தப்பும் என்றாள். அடுத்ததற்குச் சத்தம் அதிகம் என்றாள்.

வாசுதேவனுக்கு எரிச்சலாக வந்தது. மெல்போர்ன் ஓரத்தில் இரண்டு ஏக்கர் வாங்கி, ஆசை ஆசையாய்ப் போட்ட தோட்டத்தை முயல்கள் மொட்டையடித்துவிட்டன. ஓடித் துரத்தலாமென்றால் மூச்சு வாங்குகிறது. லைசென்ஸ் எடுத்துக் கடை வரை வந்தபிறகு இவள் இழுத்தடிக்கிறாளே!

"முயலுக்கு வக்காலத்து வாங்கத்தான் கூட வந்தியா?"

பார்கவியின் கண்கள் கலங்கின. "அதுங்களை வரவழைச்சதே நான்தாங்க."

"என்னது?"

"உங்க ஹார்ட் ஆபரேஷன் அப்போ, அமாவாசைக்கு அமாவாசை பசுவுக்குக் கீரை கொடுத்தா உயிருக்கு ஆபத்தில்லைன்னு ஊர் ஜோசியர் சொன்னார். இங்க பசுவுக்கு நான் எங்கே போவேன்? வேலியோரமா வச்சேன். முயல்தான் வந்து தின்னுச்சு. அன்னிக்குத்தான் நீங்க கண்ணைத் திறந்தீங்க."

கடைக்காரர், இதையே கட்டித் தரட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வாசுதேவன் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார். கை தானாக நெஞ்சுத் தழும்பைத் தடவியது.

"அடுத்த அமாவாசை என்னிக்கு?" என்றார்.