பால்கனிக் கொடி

"புது டயபரைப் போய் எத்தனை தடவைம்மா துவைப்பே?" என்றார் மாமியார்.

"துணி டயபர், அத்தை. நாலஞ்சு தடவை துவைச்சாத்தான் ஈரத்தை நல்லா உறிஞ்சும்."

"சரி, வீட்டுக்குள்ளே காயப்போடு. தெருவே பாக்குது."

"பாக்கட்டும்னுதான் பால்கனியில போடறேன்."

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "உங்க வீட்டுல குழந்தையே இல்லையே! இதெல்லாம் யாருது?"

"வாயைக் கொடுக்காதே, உள்ளே வா" என்று மாமியார் முந்தானையை இழுத்தார்.

மருமகள் நகரவில்லை. கடைசித் துணியையும் உதறி, கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினாள்.

"என் பொண்ணுது!" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "தத்தெடுத்திருக்கோம். நாளைக்குக் காலையில வீட்டுக்கு வர்றா. பாக்கும்போதெல்லாம் 'விசேஷம் ஒண்ணும் இல்லையா'ன்னு கேப்பீங்களே, இதுதாங்க விசேஷம்!"