இருபது ஏக்கருக்கு இருபது ஏக்கர்

"மாட்டுக்கெல்லாம் பஸ் பாஸ் குடுப்பீங்களா சார்?" என்று ராமப்பன் மாமா கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள்.

வருவாய் அதிகாரி சிரிக்கவில்லை.

மாமா கேட்டதில் தப்பில்லை. எங்கள் மேய்ச்சல் புறம்போக்கு ஊரை ஒட்டியே இருக்கிறது. அதற்கு மாற்றாகத் தரப்போகும் நிலம் ஆறு கிலோமீட்டர் தள்ளி, கெலமங்கலம் சாலையிலிருந்து உள்ளே, குப்பைக் கம்பெனியின் மதில் சுவருக்குள் இருந்தது. அன்றைக்குத்தான் எங்களுக்காக அந்தக் கதவைத் திறந்தார்கள்.

குப்பைக் கிடங்கைப் பெரிதாக்க அவர்களுக்கு எங்கள் இருபது ஏக்கர் வேண்டும். பதிலுக்கு அவர்களுடைய இருபது ஏக்கர். ஊரார் நேரில் பார்த்துச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

இரண்டு வருடம் எதிர்த்துப் பார்த்தாயிற்று. போட்டுத் தொலைக்கலாம் என்றுதான் பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

அம்மா அப்படி வரவில்லை. எங்கள் இரண்டு கறவை மாடுகளும் அந்தப் புறம்போக்கில் மேய்ந்துதான் என்னைப் படிக்கவைத்தன.

நிலம் பார்க்க நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

சமமாகப் பரப்பிய செம்மண். சித்திரை வெயிலிலும் பச்சைப் புல். ஒரு கல் இல்லை. ஒரு எறும்புப் புற்று இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லே இல்லாத இருபது ஏக்கரை நான் அதுவரை பார்த்ததில்லை.

"மண்ணையும் சோதிச்சாச்சு. மேய்ச்சலுக்கு ஏத்த மண்ணு. லேப் ரிப்போர்ட் இருக்கு" என்று அதிகாரி ஒரு தாளைக் கொடுத்தார்.

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. நாலைந்து கை மாறி, யாரும் படிக்காமல் மாமாவிடம் வந்தது. அவர் என்னிடம் நீட்டினார்.

"ரஞ்சிதா, நீதான கெமிஸ்ட்ரி படிச்சவ. என்னான்னு பாரு கண்ணு."

ஒரு வருடமாக மூக்கண்டப்பள்ளிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். ஊருக்கு அது 'கம்பெனி'. என்ன கம்பெனி, என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. நானாகச் சொல்கிறவளும் இல்லை. கூட்டத்தில் நான் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

தாளின் கீழ் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படித்தேன். இரண்டு முறை.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. என் காதுமடல் சுட்டது.

"நல்ல மண்ணுன்னு போட்டிருக்கு" என்றேன்.

"அப்புறம் என்ன?" என்று அதிகாரி சம்மதப் பதிவேட்டை ஜீப்பின் மேல் விரித்தார். மாமாவின் கையில் பேனாவைக் கொடுத்தார்.

தாளை மடித்து என் கைப்பையில் வைத்தேன். அதிகாரி திருப்பிக் கேட்டார். காதில் விழாததுபோல் ஜீப்பின் பின்பக்கம் போனேன். எல்லைக்கல் நடக் கொண்டுவந்த கடப்பாறை அங்கே கிடந்தது.

எங்கள் ஊரில் ஒரு சாண் இறங்கினால் பாறை தட்டும். மாடு கட்ட முளைக்குச்சி அடிக்கவே இடம் தேட வேண்டும்.

இங்கே முதல் குத்திலேயே ஒரு சாண் இறங்கியது.

"கம்பெனிக்குப் போறவ கெணறு வெட்டறா பாருடா" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மூன்றாவது குத்தில் கடப்பாறை பாதி உள்ளே போய்விட்டது. நான் தள்ளவில்லை. அதுவாகப் போனது.

சிரிப்பு நின்றது.

மாமா வந்து இரண்டு கையாலும் அதைப் பிடுங்கினார். முனையில் கறுப்பு ஈரம். கிழிந்த பாலிதீன் பை ஒன்று சுற்றிக்கொண்டு வந்தது. பின்னாலேயே நாற்றம் வந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள்.

அம்மா முனையைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"சுடுது."

புதைத்த குப்பை அழுகும்போது உள்ளே சூடேறும். பாடப் புத்தகத்தில் அது ஒரு வரி.

அம்மா அதிகாரியிடம் போனாள். 'சார்' என்பதை விட்டுவிட்டிருந்தாள்.

"குப்பை மேல மண்ணக் கொட்டி மூடிட்டு, அதுல எங்க மாட்ட மேய்க்கச் சொல்றியா?"

"நான் என்னம்மா பண்ணட்டும்? சோதிச்சவங்க எழுதிக் குடுத்திருக்காங்க. கையெழுத்து இருக்குது. படிச்சவங்க பொய்யா எழுதுவாங்க?"

"எவ எழுதுனா? எவன் எழுதுனான்? அந்தக் கை வெளங்காமப் போவ. பேரைச் சொல்லு."

அதிகாரி என்னைப் பார்த்தார். தாள் என்னிடம்தான் இருந்தது.

"படி கண்ணு" என்றார் மாமா.

கைப்பையைத் திறந்து தாளை விரித்தேன். இந்த முறை கட்டைவிரலை மூலையில் வைக்கவில்லை.

"மாதிரி எண் நூத்திப் பதினாலு. பையில வந்த செம்மண்ணு, ஒரு கிலோ. மண்ணு எடுத்த இடம், குறிப்பிடல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னேன்.

"இடமே போடலியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"போடல. எந்த இடத்து மண்ணாவும் இருக்கலாம்."

ராமப்பன் மாமா பேனாவை மூடி அதிகாரியின் சட்டைப் பையில் சொருகினார். பதிவேட்டையும் மூடினார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

அம்மா பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"சோதித்தவர்" என்று படித்தேன். "செ. ரஞ்சிதா."

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.